மௌனத்துக்கு ஒரு முடிச்சு

லிங்ஷி மாவட்டத்தில் தீர்ப்புகளை ஒரு தறி நெய்து கொடுத்தது.

நீதிமன்றத்தின் கிழக்கு மண்டபம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று ஆள் உயரம். கீழே, மிதிபலகையில் கால் வைத்து குறுக்கு நூல் சுற்றிய நாடாவை எறிகிற இடத்தில், ஷென் யோ பதினோரு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தான். மேலே, உத்தரத்தை ஒட்டிய பலகையில் அமர்ந்து கயிறுகளை இழுப்பவள் லூ சின். அவளுக்கும் பதினோரு ஆண்டுகள். வேலை நேரத்தில் ஷென் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அண்ணாந்தால் தெரிவது ஒரு ஜோடி துணிச்செருப்பின் அடிப்பாகம்தான். இடது செருப்பு மட்டும் அதிகமாகத் தேய்வதைக் கண்டு அவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்று அவனாகத் தெரிந்துகொண்டான். மறுநாள் மேல்பலகையில் ஒரு சிறு மெத்தை இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கீழே இருப்பவனைக் கீழ்க்கை என்றும் மேலே இருப்பவளை மேற்கை என்றும்தான் ஊரார் அழைத்தார்கள். அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொண்டார்கள்.

சொந்த ஊரில் எவருக்கும் நீதிபதி பதவி கிடையாது. வருபவரும் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. அதனால் வருகிற ஒவ்வொருவருக்கும் தறியை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. அந்த வசந்தத்தில் வந்தவர் ஃபாங் தே. வடக்கத்திக்காரர், பருத்த உடம்பு, அங்கியின் கைமடிப்பில் எப்போதும் ஒரு பிடி முலாம்பழ விதை. விதையைக் கொறித்துக்கொண்டே தறியைச் சுற்றி நடந்தார்.

"எங்க பக்கம் இதுக்குள்ள பேய் இருக்குன்னு சொல்றாங்க."

"வெறும் கயிறுதான் ஐயா," என்றான் ஷென்.

"கயிறு எப்படிப்பா தீர்ப்புச் சொல்லும்?"

"பழைய வழக்கு எண்ணூத்து நாப்பது இதுல கட்டிக் கிடக்கு. ஒவ்வொரு வழக்குலயும் அறுபது கேள்வி. ஆமான்னா கயித்துல ஒரு முடிச்சு. இல்லைன்னா முடிச்சு கிடையாது. அன்னைக்கு இருந்த நல்ல நீதிபதிங்க என்ன தீர்ப்புச் சொன்னாங்களோ, அதையும் கூடவே கட்டியிருக்கு. புது வழக்கு வந்தா அதோட அறுபது கயித்தையும் மேல மாட்டுவோம். மேற்கை இழுக்கும்போது, எந்தப் பழைய வழக்கெல்லாம் இதோட ஒத்துப்போகுதோ அதுங்களோட பாவு நூல் மேல தூக்கிக் குடுக்கும். நான் நாடா எறிவேன். ஒரு சாண் துணி நெய்யறதுக்குள்ள உருவம் விழுந்துடும். நாரைன்னா விடுதலை. கோடரின்னா தண்டனை."

"ரெண்டும் இல்லாம ஒண்ணு?"

"விழுந்ததில்ல ஐயா."

"மனுஷ மனசுல விழும்," என்று நீதிபதி தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அண்ணாந்து, "மேல யாரு?" என்றார்.

"மேற்கை ஐயா. இறங்கி வந்து வணங்கணும்னா அதுக்குள்ள உங்க விதை தீர்ந்துடும். இங்கிருந்தே வணங்கிக்கறேன்," என்று மேலிருந்து பதில் வந்தது.

நீதிபதி சிரித்தார். பதிவர் கோங் சிரிக்கவில்லை. அவர் விதிகளை ஒப்பிக்கத் தொடங்கியிருந்தார். மேற்கையும் கீழ்க்கையும் எந்த உறவும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் பிடிக்க வேண்டும், உறவுள்ளவர் பிடிக்கமாட்டார். ஒவ்வொரு புத்தாண்டன்றும் இருவரும் தறிமரத்தில் கை வைத்து, 'நமக்குள் பிணைப்பு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.

"சொல்றாங்களா?"

"பதினோரு தடவை சொல்லியாச்சு ஐயா," என்றார் கோங்.

மேலே செருப்பு அசையவில்லை. ஷென் நாடாவில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான்.

*

ஹே லானின் வழக்கு கோடையின் தொடக்கத்தில் வந்தது. உப்புக் கிணறுகள் சூழ்ந்த கிராமத்தில் அவள் கணவன் கிணற்றுக்குள் விழுந்து இறந்து கிடந்தான். நெற்றியில் ஒரு காயம், கிணற்றில் விழுந்ததால் ஏற்பட்டிருக்க முடியாதது. வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: அவன், அவள், அவன் தகப்பன் வென். கிழவர் மண்டபத்துத் தூணடியில் தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோங் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். ஹே லான் தெளிவாகவே பதில் சொன்னாள். கணவனோடு சண்டை உண்டா? ஆமாம். அன்று காலை சண்டை நடந்ததா? இல்லை. தள்ளியது உன் கையா? இல்லை.

"கிணற்றடியில் வேறு யாராவது இருந்தார்களா?"

அவள் பேசவில்லை.

"அவர் யார் என்று உனக்குத் தெரியுமா?"

பேசவில்லை. விதிப்படி மூன்று முறை கேட்டார்கள். வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல், "வாயில உப்பையா அடைச்சு வெச்சிருக்கா?" என்றது. சிலர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதில் இல்லாத அந்த இரண்டு கயிறுகளிலும் கோங் வழக்கம்போல, ஆமாம் என்றே கொண்டு முடிச்சுப் போட்டார். கயிறுகள் மேலே போயின. லூ சின் இழுத்தாள், ஷென் எறிந்தான். இந்தத் தறியில் துணியின் முகம் கீழ்நோக்கி இருக்கும். நெய்கிறவனுக்குத் தெரிவது முதுகுப்பக்கத்து நூல்களின் குழப்பம் மட்டும். அறுத்துத் திருப்பினால்தான் உருவம்.

அறுத்தான். திருப்பினான். கோடரி.

கணவனைக் கொன்றவளுக்குத் தண்டனை கழுத்தில் கயிறு. பத்து நாளில் நிறைவேற்ற வேண்டும். நீதிபதி முத்திரையைக் கையில் எடுத்தார், பதித்துவிடவில்லை. "அவ பொய் சொல்ற மாதிரி எனக்குத் தோணலையே," என்றார் யாரையும் பார்க்காமல்.

"தறிக்கு அப்படித் தோணியிருக்கு ஐயா," என்றார் கோங்.

"தறிக்குத் தோணல," என்று மேலிருந்து குரல் வந்தது. "நாங்கதான் அப்படிக் கட்டினோம்."

லூ சின் ஏணியில் இறங்கினாள். நடுப்பகலில், எல்லோரும் பார்க்க. அவள் முகத்தை அவ்வளவு வெளிச்சத்தில் ஷென் பார்ப்பது அரிது. கன்னத்து எலும்பின் மேல் கயிற்றுத் தூசு படிந்திருந்தது.

"ஐயா, அந்த எண்ணூத்து நாப்பது வழக்கும் மூங்கில் அடி இருந்த காலத்து வழக்கு," என்றாள். "அப்ப பேசாதவங்களே கிடையாது. அடிச்சா பேசிடுவாங்க. தறி வந்த பிறகு அடி வேண்டாம்னு அரசாணை வந்திச்சு. நல்ல ஆணை. ஆனா அதுக்கப்புறம்தான் முதல் முதலா ஒருத்தர் பேசாம நின்னார். உப்புச் சுமக்கிற குவோ. படுக்கைக்கு அடியில அரசாங்க உப்பு இருந்திச்சு. யார் கொண்டுவந்ததுன்னு தெரியுமான்னு கேட்டா வாயே திறக்கல. நாங்க வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம் அது. அன்னைக்குப் பதிவர் பதவி காலி. முடிச்சு என் கையில. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் அங்கே நிறுத்தினாள். யாரைக் கேட்டாள் என்பதை அவள் சொல்லப்போவதில்லை என்று ஷென்னுக்குப் புரிந்தது. அந்தப் பகல் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பசி. வெளியே சேமியாக் கிண்ணங்களின் ஓசை. மேலிருந்து, 'இதுக்குப் பதில் இல்ல. கட்டவா, விடவா?' என்ற குரல்.

அவன் எழுந்தான். "என்னைத்தான் கேட்டாங்க ஐயா. கட்டுங்கன்னு சொன்னது நான். மறைக்க ஒண்ணும் இல்லாதவன் வாயைத் திறப்பான்னு சொன்னேன். சாப்பிடப் போற அவசரம். அதுவே வழக்கமாயிடுச்சு."

நீதிபதி விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

"குவோவுக்கு என்ன ஆச்சு?"

"உப்புக் கடத்தினா மரணம் ஐயா."

லூ சின் ஓரடி முன்னால் வந்தாள். "நம்ம சட்டத்துலயே இருக்கு. தகப்பன், மகன், கணவன், மனைவி, மாமனார், மருமக, ஒருத்தர் குத்தத்தை ஒருத்தர் மறைக்கலாம். அது குத்தமில்ல. மறைக்காம காட்டிக் குடுத்தாத்தான் குத்தம். சட்டம் பேசாம இருக்கச் சொல்லுது. தறி, பேசாம இருந்தா கொல்லுது. மௌனத்துக்குன்னு ஒரு முடிச்சு வேணும் ஐயா. பாதி முடிச்சு. உறவைக் காக்கற மௌனம்னா வழுக்கிப் பிரியணும். தன்னைக் காக்கற மௌனம்னா இறுகணும். எப்படிக் கட்டறதுன்னு நாலு வருஷமா யோசிச்சு வெச்சிருக்கேன்."

"நாலு வருஷமா? ஏன் இதுவரை சொல்லல?"

பதிலைக் கோங் சொன்னார். அவர் குரலில் முதல் முறையாகத் தயக்கம் இருந்தது. "தறியைக் கட்டினவர் வெச்ச விதி ஐயா. புது முடிச்சைப் போடற கை, முதல்ல தானே அதுக்குள்ள நிக்கணும். தறியைத் திருத்தின குத்தவாளியா. நாரை விழுந்தா முடிச்சு நிக்கும். கோடரி விழுந்தா முடிச்சை எரிச்சுடுவோம். திருத்தினவங்க எல்லைக் காவலுக்குப் போகணும். மணல் தேசம். திரும்பி வந்தவங்க இல்ல."

"தப்பு என்னோடது. நான் நிக்கறேன்," என்றான் ஷென்.

"உங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது கீழ்க்கை," என்றாள் அவள், அவனைத் திரும்பிப் பார்க்காமல். "செருப்பு வாரையே உங்களுக்கு ஒழுங்காக் கட்ட வராது."

நீதிபதி அவளையே பார்த்தார். "ஒண்ணு யோசிச்சியா? மௌனத்தைச் சோதிக்கணும்னா நிஜ மௌனம் வேணும். சும்மா வாயை மூடிக்கிட்டு நிக்கறது செல்லாது. உனக்கு மறைக்க ஏதாவது இருக்கா?"

லூ சின் கன்னத்துத் தூசைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு ஐயா," என்றாள்.

*

மூன்றாம் நாள் காலை சோதனை நடந்தது. புது முடிச்சைக் கோங்குக்கு அவளே கற்றுக்கொடுத்தாள். தன் வழக்கின் கயிறுகளைத் தானே கட்டக் கூடாது, இழுக்க மட்டும் செய்யலாம் என்பது விதி. பழுத்த அனுபவமுள்ள இன்னொரு மேற்கைக்கு நூறு மைல் போக வேண்டும், அதனால் இழுப்பதும் அவளேதான்.

அவள் மேலே பலகையிலிருந்தே பதில் சொன்னாள். ஷென் கீழே மிதிபலகையில் கால் வைத்துக் காத்திருந்தான். கேள்விகள் அவன் தலைக்கு மேலாகப் போய்வந்தன.

"பெற்றோர் இருக்கிறார்களா?" "இல்லை."

"மணமாகிவிட்டதா?" "இல்லை."

"உடன்பிறந்தவர்?" "இல்லை."

இல்லை, இல்லை என்று முடிச்சில்லாத கயிறுகள் அடுக்கில் சேர்ந்துகொண்டே போனதை ஷென் பார்த்தான். புது முடிச்சு வழுக்க உறவு வேண்டும். இவளுக்கு உறவே இல்லை. எந்த மௌனம் வந்தாலும் இறுகத்தான் போகிறது. இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நாடா அவன் கையிலிருந்து நழுவியது.

பிறகு வீட்டைப் பற்றிய சின்னக் கேள்விகள். எந்த வழக்கிலும் யாரும் கவனிக்காத கேள்விகள்.

"உன் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கிறதா?" "ஆமாம்."

"நோயில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் உண்டா?" "ஆமாம்."

"நீ ஒரு நாள் வராவிட்டால் அன்றே தேடி வருபவர் உண்டா?" "ஆமாம்."

"உனக்காகத் துக்கம் காக்க ஆள் உண்டா?"

"ஆமாம்."

கோங் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேற்கைக்கும் கீழ்க்கைக்கும் பிணைப்பு உண்டா?"

பதினோரு புத்தாண்டுகளில் அவள் இதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எடுத்துக்கொண்டாள். மண்டபத்துக்கு வெளியே யாரோ வாளியை வைத்தார்கள். ஒரு குருவி உத்தரத்தில் உட்கார்ந்து எழுந்து போனது. கோங் இரண்டாம் முறை கேட்டார். ஷென் கண்ணை மூடிக்கொண்டான். அவளுடைய எத்தனையோ மௌனங்களைக் கேட்டுப் பழகியவன் அவன். கயிறு சிக்கும்போது ஒரு மௌனம், வலிக்கும்போது ஒன்று, கோடரி விழுந்த நாட்களில் வேறொன்று. இது அவற்றில் எதுவும் இல்லை. இதை அவள் அவனிடமிருந்தும் மறைத்தே வைத்திருந்திருக்கிறாள். தன் உயிரைப் பணயமாக வைக்கிற நேரத்திலும் 'இல்லை' என்று ஒரு சொல்லால் தப்பிக்க அவள் நினைக்கவில்லை. யாருமறியாத ஒரு உப்புக் கிராமத்துப் பெண்ணுக்காக.

மூன்றாம் முறை கேட்டார். பாதி முடிச்சு விழுந்தது.

"இழுக்கறேன் கீழ்க்கை," என்று மேலிருந்து குரல் வந்தது, எல்லா நாளும் வருவதைப் போலவே.

"எறியறேன் மேற்கை."

அறுத்தான். துணியின் ஓரம் கோணலாக வந்தது. அவன் திருப்பவில்லை. நீதிபதியே எழுந்து வந்து வாங்கித் திருப்பினார்.

நாரை. கழுத்தை நீட்டி, ஒரு காலில்.

"இது எப்படி?" என்றார் கோங். "உறவுன்னு ஒருத்தரும் இல்லையே. முடிச்சு இறுகியிருக்கணுமே ஐயா."

நீதிபதி ஷென்னிடம் திரும்பினார். "எந்தப் பழைய வழக்குங்க தூக்கினது?"

ஷென் பாவு நுனிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "நாப்பத்தொரு வழக்கு ஐயா. எல்லாம் குடும்ப வழக்கு. கணவன் மனைவி வழக்கு."

"சாவி, கஞ்சி, தேடி வர்றது," என்றார் நீதிபதி மெதுவாக. "அந்த நாப்பத்தொரு வீட்டுலயும் இதே முடிச்சுங்கதான் இருந்திருக்கு. நாம குடும்பம்னு எதைச் சொல்றோம்னு நாமே அதுக்குக் கட்டிக் குடுத்திருக்கோம். அது கண்டுபிடிச்சிருச்சு." ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டார். "கீழ்க்கை, உன்னையும் கேக்கணும். அவங்க உனக்கு யாரு?"

ஷென் வாயைத் திறந்தான். பதினோரு ஆண்டுகளின் எந்தச் சொல்லும் வரவில்லை.

"பதிவரே, எழுதிக்குங்க. கீழ்க்கை பதில் சொல்லல. பாதி முடிச்சு," என்றார் நீதிபதி. "புது முடிச்சு நிக்கட்டும். உறவுள்ளவங்க ஒரே தறியில இருக்கக் கூடாது, அதனால ரெண்டு பேரும் தறியை விட்டு இறங்கணும். அந்தப் பொண்ணோட துணியை நெய்ஞ்சு முடிச்ச பிறகு."

"அப்ப, இத்தனை வருஷம் அவங்க சொன்ன 'இல்லை' பொய்யா ஐயா?" என்று கோங் கேட்டார்.

"நேத்தைப் பத்தித் தறி ஒண்ணும் சொல்லலையே. தறி சொல்லாததை நான் எதுக்குச் சொல்லணும்?"

அன்று மதியத்துக்குள் ஹே லானின் கயிறுகள் புது முடிச்சோடு மீண்டும் மேலே போயின. நாரை விழுந்தது. கட்டு அவிழ்ந்ததும் அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தூணடிக்குப் போய், "எழுந்திரிங்க மாமா, வீட்டுக்குப் போவோம்," என்றாள். வென் எழுந்திருக்கவில்லை. தன் உள்ளங்கைகளை நீதிபதியை நோக்கி நீட்டி, "நான் பேசணும்," என்றார்.

*

புதிய கைகள் வந்து, மௌனம் இருந்த பழைய வழக்குகளையெல்லாம் மறுபடி நெய்தன. பதினேழு வழக்கு. ஒன்பதில் நாரை. அந்த ஒன்பது பேரில் இருவர் உயிரோடு இல்லை.

துணிகளை உரிய வீடுகளில் சேர்க்கும் வேலையை ஷென் கேட்டு வாங்கிக்கொண்டான். லூ சின்னும் உடன் வந்தாள். நடந்தே போனார்கள். அதற்குள் அவர்கள் பெயர்கள் ஊர்ப் பதிவேட்டில் ஒரே வீட்டின் கீழ் எழுதப்பட்டிருந்தன. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. ஏணியும் கயிறும் இல்லாமல் பக்கத்தில் நடக்கிறபோது அவள் அவன் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். அதைச் சொன்னான். "பதினோரு வருஷம் அண்ணாந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

குவோவின் வீடு கடைசி. ஆற்றங்கரை மேட்டில் தனியாக நின்றது. அவன் மனைவி வாசலில் முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தாள். ஷென் துணியை இரு கைகளாலும் நீட்டினான். நாரையை அவள் தொடவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை அவன் சொன்னான். முடிச்சைக் கட்டச் சொன்னது தான்தான் என்று. சாப்பிடப் போகிற அவசரம் என்பதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மண்டியிட்டான்.

அவள் அரிவதை நிறுத்தவில்லை. முள்ளங்கி முழுதும் தீர்ந்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவர் யாரைக் காப்பாத்தினார்னு அந்தத் துணி சொல்லுதா?"

"இல்லம்மா. அது சொல்லாது."

"உப்பைக் கொண்டுவந்தது நான்," என்றாள் அவள். "அவருக்கு அது படுக்கையில இருந்ததே தெரியாது. காவல்காரங்க எடுத்து வெளியில கொட்டினப்பதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்கல. யாராவது வந்து கேப்பாங்கன்னு ஒன்பது வருஷமா இந்த வாசல்ல உட்கார்ந்திருக்கேன். யாரும் கேக்கல."

ஷென் மண்டியிட்டபடியே இருந்தான். அரசாங்க உப்பு. மரண தண்டனை. குற்றத்தை அறிந்தவர் சொல்லாமல் மறைத்தால் அவருக்கும் தண்டனை உண்டு. உறவினருக்கு மட்டும்தான் மறைக்கிற உரிமை. அவர்கள் இருவரும் இந்த வீட்டுக்கு யார்? வந்த வழியே மூன்று நாள் நடந்தால் நீதிமன்றம். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவதுதான் சட்டம். அந்தச் சட்டத்துக்காகத்தான் பதினோரு ஆண்டுகளை ஒரு தறியின் கீழே கழித்தான்.

காற்றில் ஆற்றின் வாடை வந்தது. அந்தப் பெண் அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள், தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப் போல.

லூ சின் அவளருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். நறுக்கிய முள்ளங்கியைக் கூடையில் அள்ளிப் போடத் தொடங்கினாள்.

"அக்கா," என்றாள், "அடுப்புல தண்ணி வெச்சாச்சா?"